'வரை' என்னும் சொல்லின் அரசியல்

கொழுக்குமலைக்கு ஜீப்புகள் புறப்படும் ஊர் சூரியநெல்லி. அறைப் பதிவு, ஜீப் வாடகை, தேநீர்க் கடையின் யுபிஐ அட்டை ஆகிய அனைத்தும் அங்கு இணையத்தை நம்பியவை. நிறுவனங்கள் விற்பதோ '100 எம்பிபிஎஸ் வரை' என்னும் வேகம். 'வரை' உச்சத்தை மட்டுமே சுட்டும்; குறைந்தபட்சம் எவ்வளவு என்பதைச் சொல்லாது.

இணையவழி வணிகம் அரசமைப்பின் பாதுகாப்புக்குரியது என்று அனுராதா பாசின் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிராயின் 2024 விதிகளோ, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் அலைபேசிச் சேவை முடங்கினால்தான் இழப்பீடு என்கின்றன. சூரியநெல்லி மட்டும் இரண்டு நாள் துண்டிக்கப்பட்டால் இடுக்கி மாவட்டம் முடங்கியதாகாது. கடைக்காரருக்கோ ஞாயிற்றுக்கிழமைக் காலையின் இரண்டு மணி நேரமே ஒரு வார வருமானம்.

உத்தரவாதம் கட்டணத்தை உயர்த்தும் என்பது வழக்கமான மறுப்பு. பெருநிறுவனங்கள் இழப்பீட்டு ஒப்பந்தத்துடன் தனித்தடம் வாங்குகின்றன. ஆகவே, தடை தொழில்நுட்பம் அன்று. சிறுவணிகருக்குப் பேரம்பேசும் வலிமை இல்லை என்பதே உண்மை. அந்த வலிமையை விதிதான் தர வேண்டும். இழப்பீட்டின் அலகு மாவட்டமன்று, கோபுரம்; நாளன்று, மணி. 'வரை' இருக்கும் ஒப்பந்தத்தில் 'குறையாமல்' என்னும் சொல்லும் இடம்பெற வேண்டும்.