அந்தக் கறுப்புப் புள்ளிதான் திமிங்கலம்!

காரைக்கால் கடற்கரையில் மாலை நடைக்கு வரும் எங்கள் கூட்டம் ஒன்று உண்டு. நடப்பது கால் மணி நேரம், உட்கார்ந்து பேசுவது ஒரு மணி நேரம். போன வாரம் அங்கே என் போனை எல்லோர் கைக்கும் சுற்றில் விட்டேன். "திருகோணமலையில் திமிங்கலம் பார்த்தேன். படம் பாருங்க!"

போன் ஒரு சுற்று வந்தது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். இன்னொருவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கடைசியில் எதிர்வீட்டு மாமி கேட்டேவிட்டார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. இதுல திமிங்கலம் எங்கே?"

"அந்தக் கறுப்புப் புள்ளி" என்றேன்.

அன்றைக்கு என்னைப் பார்த்து சிரிக்காதவர்கள் யாருமில்லை. நியாயம்தான். அந்தக் காலையில் நான் எடுத்தது 214 படங்கள். அதில் பெரும்பாதி வெறும் தண்ணீர். மிச்சத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தொப்பி, என் விரல், சாய்ந்துபோன வானம். ஆனாலும் அந்தப் புள்ளியை நான் அழிக்கப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய கேமரா ஒன்றும், தூரத்தில் இருப்பதை எடுக்கும் லென்ஸ் ஒன்றும் வாங்கியிருந்தாள். "அத்தை, திமிங்கலம் எடுக்கணும்" என்றாள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கரையில் நின்று அம்பது வருஷமாகக் கடலைப் பார்க்கிறேன். ஒரு திமிங்கலத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. காவிரி காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் எங்கள் கடலடி. கரையிலிருந்து போகப் போக மெல்ல மெல்லத்தான் ஆழம் கூடும். திருகோணமலையில் கதை வேறு. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் அது ஒன்று. கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆழ்கடலில் திரிகிற நீலத் திமிங்கலமும் எண்ணெய்த் திமிங்கலமும் அங்கே கரைக்கு அருகிலேயே வருவதற்கு இதுவே காரணம். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைப் பாறையில் நின்றபடியே, அதிர்ஷ்டம் இருந்தால், தூரத்தில் நீர் பீய்ச்சுவதைப் பார்க்கலாம். எங்கள் பக்கத்துத் திருநள்ளாற்றைப் பாடிய சம்பந்தர்தான் அந்தத் திருக்கோணமலையையும் பாடியவர். ஆக, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, திமிங்கலம் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று அண்ணியைச் சம்மதிக்க வைத்தோம்.

எங்களுக்கு இன்னொரு வசதி. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல். காரைக்காலிலிருந்து நாகை அரை மணி நேரப் பயணம். அங்கிருந்து நாலைந்து மணி நேரத்தில் இலங்கைக் கரை. பிறகு யாழ்ப்பாணம், வவுனியா வழியாக ஒரு நாள் பஸ் பயணம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். விசா விதியும் அவ்வப்போது மாறும். இரண்டையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

திருகோணமலைப் பக்கம் திமிங்கலம் பார்க்க ஏற்ற காலம் சுமாராக மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை. நாங்கள் போனது ஏப்ரல். காலை ஆறு மணிக்குப் படகு. எங்களோடு இன்னும் நாலு பேர். படகுக்காரத் தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மீன்பிடிக் குடும்பம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டச் சொல்லிவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "அக்கா, கடல் பெரிசு. கண்டிப்பா காட்டுவன் எண்டு சொல்ல மாட்டன். கொஞ்சம் பொறுமையா இருங்கோ."

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. ஓங்கில் கூட்டம் ஒன்று, அதாவது டால்பின்கள், துள்ளிக்கொண்டு போனது. வெயில் ஏறியது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. அப்போதுதான் தூரத்தில், நேராக மேலே, ஒரு நீர்த்தூண். நீலத் திமிங்கலத்தின் மூச்சு 30 அடி உயரம் வரை எழும். தண்ணீர்த் தொட்டி உடைந்தமாதிரி இருந்தது.

படகு மெதுவாக அந்தப் பக்கம் போய், நல்ல தூரத்திலேயே நின்றுவிட்டது. இன்ஜின் சத்தமும் தணிந்தது. சாம்பல் நீல முதுகு ஒன்று தண்ணீரைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. என் போனில் அது புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலான புள்ளி. எத்தனை செலவு, எத்தனை தூரம், இதற்கா வந்தோம்?

இங்கேதான் நான் தப்பு செய்தேன். "தம்பி, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க."

"கிட்டப் போகக்கூடாது அக்கா. நூறு மீற்றர் சட்டம்."

"யார் பார்க்கப் போறா? எல்லாருமாச் சேர்ந்து மேல கொஞ்சம் பணம் போட்டுத் தர்றோம்."

மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். தம்பி எங்கள் ஆறு முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அது அவருடைய பிழைப்பு. நாங்கள் முகம் சுளித்துவிட்டு இறங்கினால் நாளைக்கு வருகிறவர்களிடமும் சொல்லுவோம். படகு நகர்ந்தது. எங்களைப் பார்த்து இன்னொரு படகும் கிளம்பியது. அடுத்த முறை முதுகு எழுந்தபோது உண்மையிலேயே பக்கம். நான் போனைத் தூக்குவதற்குள் அது சட்டென்று அமிழ்ந்தது. அவ்வளவுதான். திரும்பி வரவேயில்லை.

அண்ணன் மகள் கேமராவைக் கீழே இறக்கினாள். "அத்தை, அது மூச்சு வாங்கத்தானே மேல வந்துச்சு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

அவள் சொன்னதன் முழு அர்த்தம் ஊருக்குத் திரும்பிப் படித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. திமிங்கலம் மீன் இல்லை. நம்மைப்போல நுரையீரலால் மூச்சுவிடுகிற பாலூட்டி. ஆழத்துக்குப் போய் இரை தேடிவிட்டு மேலே வந்தால், வரிசையாகப் பலமுறை மூச்சு வாங்கித்தான் அடுத்த முங்கலுக்குத் தயாராகும். அமெரிக்காவில் மான்டரே வளைகுடாவில் ஒரு நீலத் திமிங்கலத்தின் இதயத் துடிப்பை ஆய்வாளர்கள் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். ஆழத்தில் நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரை குறைகிற அந்த இதயம், மேலே வந்து மூச்சு வாங்கும்போது 37 வரை போகிறது. மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்குகிற மாதிரிதான். அந்த நேரத்தில் படகுகள் நெருங்கினால் அது மூச்சை முடிக்காமலே முங்குகிறது, அப்படி முங்கினால் இரை தேடும் நேரமும் குறைகிறது என்று கனடாவின் செயின்ட் லாரன்ஸ் பகுதியில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இலங்கை 2012இல் கொண்டுவந்த விதி, படகு நூறு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். சாப்பிட உட்கார்ந்தவரை இலையிலிருந்து எழுப்பிவிட்டு, அவரோடு படம் எடுக்கப் பார்த்திருக்கிறேன் நான்.

தம்பி எங்களைத் திட்டவில்லை. இன்ஜினை அணைத்தார். "இனி நான் சொல்றதைக் கேளுங்கோ. சும்மா இருப்பம். வேற ஒண்டு வரும்தானே" என்றார்.

இருந்தோம். யாரும் பேசவில்லை. கால் மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும். இன்னொன்று வந்தது, எங்களை நோக்கி இல்லை, எங்களுக்குப் பக்கவாட்டில், அதன் வழியில். முதலில் 'புஸ்' என்ற அந்தப் பெருமூச்சு காதில் விழுந்தது. ஒருமுறை, இரண்டுமுறை, ஐந்தாறு முறை அவசரமில்லாமல் மூச்சு வாங்கியது. பிறகு முதுகை வில்லாக வளைத்தது. "இப்ப எடுங்கோ!" என்றார் தம்பி. வால் எழுந்தது. தண்ணீர் வடிய வடிய ஒரு கணம் நின்று, சத்தமில்லாமல் இறங்கியது.

என் போனில் அதுதான் கறுப்புப் புள்ளி. அண்ணன் மகளின் கேமராவில் பக்கவாட்டு உடம்பும் வாலும் தெளிவாக விழுந்திருந்தன. ஆனாலும் எனக்குக் குறைதான். "முகம் இல்லையேம்மா. போகும்போது முதுகைத்தானே எடுத்திருக்கே" என்றேன்.

"அத்தை, இதுதான் அதோட ஆதார் கார்டு" என்றாள்.

அவள் விளக்கிய பிறகு அந்தப் படத்தையே வேறு கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு நீலத் திமிங்கலத்தின் தோலிலும் திட்டுத்திட்டாக ஒரு கோலம் இருக்கிறது. ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. எண்ணெய்த் திமிங்கலத்துக்கு வால் ஓரத்து வெட்டுகள். கூன்முதுகுத் திமிங்கலத்துக்கு வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளை. நம் கைரேகை மாதிரி.

இதில் ஒரு நல்ல கதை உண்டு. 1999இல் பிரேசில் கடலில் ஒரு பெண் கூன்முதுகுத் திமிங்கலத்தின் வாலை ஆய்வாளர்கள் படம் எடுத்தார்கள். 2001இல் மடகாஸ்கர் கரையில் திமிங்கலம் பார்க்கும் படகில் போன சுற்றுலாப் பயணி ஒருவர், நம்மைப்போலத்தான், ஒரு வாலைப் படம் எடுத்தார். பிறகு அதை ஃபிளிக்கரில் போட்டார். அமெரிக்காவின் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒரே வால்! இரண்டு இடத்துக்கும் இடையே குறைந்தது 9,800 கிலோமீட்டர். அதுவரை பதிவானதிலேயே மிக நீளமான பயணங்களில் ஒன்று. 2010இல் ஆய்வாக வெளிவந்தது. விஞ்ஞானிக்குக் கிடைக்காத சாட்சி, விடுமுறைக்குப் போன ஒருவரின் போட்டோவில் இருந்தது.

நம் பக்கத்துக் கடலுக்கு இந்தச் சாட்சி இன்னும் தேவை. இலங்கையைச் சுற்றியுள்ள நீலத் திமிங்கலங்கள் மற்றவை மாதிரி துருவக் கடலுக்குப் போய் வராமல் வெப்பக் கடலிலேயே தங்குபவை என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ். 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்த வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கணக்கில் காட்டாமல் கொன்றன. 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்போது ஆபத்து கப்பல்கள் மோதுவது. அவை எங்கே திரிகின்றன என்று பதிவாகப் பதிவாகத்தான் கப்பல் பாதையை விலக்கச் சொல்ல முடிகிறது. 2022இல் எம்.எஸ்.சி. நிறுவனம் இலங்கையின் தென்முனையில் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது அப்படித்தான்.

போகப் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

போனில் ஜூம் செய்யாதீர்கள், மங்கிப்போகும். வீடியோ எடுத்து அதிலிருந்து படம் பிரித்துக்கொள்ளுங்கள். கேமரா என்றால் ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியாவது இருக்கட்டும், படகு ஆடும். முதுகு வில்லாக வளைந்தால் அடுத்தது வால், அதற்கு முன்பே விரல் தயாராக இருக்க வேண்டும். பக்கவாட்டு உடம்பை விட்டுவிடாதீர்கள். போனில் தேதியும் இடமும் பதிவாகும்படி வைத்திருங்கள், அது இல்லாமல் படம் ஆய்வுக்கு உதவாது. உப்புத் தண்ணீரைத் துடைக்க ஒரு பருத்தித் துணி. வாந்தி வருமென்றால் கிளம்புவதற்கு அரை மணி முன்பே மாத்திரை. எல்லாவற்றுக்கும் முன்னால், படகு ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "தம்பி, கிட்டப் போக வேண்டாம். தூரத்திலிருந்தே பார்த்துக்கிறோம்." அந்த ஒரு வார்த்தை அவர் பிழைப்பையும் காப்பாற்றும்.

ஹேப்பிவேல் என்ற இணையதளம் 2015 முதல் இயங்குகிறது. உலகத்தின் எந்தக் கடலில் எடுத்த திமிங்கலப் படத்தையும் அங்கே ஏற்றலாம். அண்ணன் மகள் ஏற்றிவிட்டாள். அந்தத் திமிங்கலத்தை முன்பே யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தினமும் மெயிலைத் திறந்து பார்க்கிறாள். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட அவள் இப்படிக் காத்திருக்கவில்லை.

இதையெல்லாம் கடற்கரையில் சொல்லி முடித்தபோது, எதிர்வீட்டு மாமி என் போனை மறுபடி கேட்டு வாங்கினார். அந்தப் புள்ளியை இரண்டு விரலால் பெரிதாக்கி, நன்றாகப் பார்த்தார்.

"ஆமா, வால் தெரியுது" என்றார்.

பாவம், எனக்காகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.