கழிவு நீர்ப் பாசனமும் நிலத்தில் தங்கும் உலோகங்களும்

பாலாற்றுப் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் செல்லும்போதெல்லாம் குடியானவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஐயா, கோடையில் கிணறு வற்றிவிட்டது. ஓடையில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு கலந்த ஜலம் ஓடுகிறது. அதையாவது பாய்ச்சலாமல்லவா? பயிர் பச்சையாகத்தானே இருக்கிறது?” என்பதே அது. கூடாது என்பதே என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கூறுகிறேன்.

இவ்வித ஜலத்தில் உப்பும் உண்டு. தோல் பதனிட உபயோகமாகும் குரோமியம் என்னும் கன உலோகமும் உண்டு. உப்பின் கெடுதலை நாம் கண்ணால் காண்கிறோம். நிலம் வெளுத்துப் பூக்கிறது, பயிர் கருகுகிறது. உலோகமோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உப்பை வடிகால் வெட்டி, நல்ல ஜலம் விட்டுப் பெரும்பாலும் கழுவிவிடலாம். உலோகம் மேல்மண்ணைப் பற்றிக்கொண்டு தங்கிவிடும், மக்கி அழியாது. ஆகையால் உப்பைக் கழுவுவதாக எண்ணி, கழிவு கலந்த ஜலத்தையே மேன்மேலும் தேக்குகிறவர் தம் கையாலேயே உலோகத்தை நிலத்திற் சேர்க்கிறார்.

எவ்வளவு சேரும்? ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் 1985-ல் வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டி, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் குரோமியம் வரை இடங்கொடுக்கிறது. இச்சொற்ப அளவுள்ள ஜலத்தையே வருஷத்தில் 1 மீட்டர் உயரம் பாய்ச்சினாலும் ஏக்கருக்குச் சுமார் 400 கிராம் குரோமியம் சேரும். அவ்வரம்பும் ஹெக்டேருக்கு வருஷம் 10,000 கன மீட்டர், அதாவது மேற்படி 1 மீட்டர் ஜலம் என்ற கணக்கின்மேல் ஏற்பட்டதே. இரண்டு போகம் நெல்லுக்கு ஜலம் தேக்குகிறவர் இதை எளிதில் தாண்டிவிடுவார். ஆகவே ஜலத்தின் குணம் மாத்திரமன்று, பாய்ச்சும் அளவும் முறையும் நிலத்தின் கதியை நிர்ணயிக்கின்றன.

முறையென்று சொல்லும்போது ஒரே விதியை எங்கும் அனுசரிக்கலாகாது. நெல் வயலில் ஜலம் தேங்கி நின்றால் மண்ணில் காற்றோட்டம் அற்று, இரும்போடு ஒட்டியிருந்த ஆர்சனிக் என்னும் பாஷாணம் விடுபட்டு வேருக்கு எட்டுகிறது. வங்காளத்தில் குழாய்க் கிணற்றுப் பாசனத்தால் நேர்ந்த கஷ்டம் இதுவே. அங்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது நன்மை. காட்மியமோ இதற்கு நேர்மாறு. வயல் காய்ந்தால் அது பயிருக்கு ஏறும். ஜப்பானில் ஜின்சு நதியின் ஜலம் சுரங்கக் காட்மியத்தை வயல்களுக்குக் கொண்டுவந்தது. அவ்வரிசியை உண்டவர்களின் எலும்புகள் முறிந்தன. 1968-ல் அரசாங்கம் அதை மாசினால் வந்த நோயென்று ஒப்புக்கொண்டது. கெட்ட வயல்களின் மண்ணைச் சீர்திருத்தும் வேலை 1979 முதல் 2012 வரை நடந்தது. அந்நாட்டில் இத்தகைய வயல்களில் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரங்கள் ஜலம் வற்றாமல் நிறுத்துகிறார்கள்.

ஆகையால் நிலச்சொந்தக்காரர்கள் முதலில் ஜலத்தையும் மண்ணையும் பரீட்சை செய்வித்து, எந்த உலோகமென்று அறிதல் வேண்டும். சந்தேகமுள்ள நிலத்தில் கீரை வகைகளை விலக்குக. காய்கறிகளுக்கும் மரப்பயிர்களுக்கும் நல்ல ஜலத்தைச் சொட்டுநீர் முறையில் விட்டால் கொஞ்சமும் போதுமானதாகும். ஆனால் சொட்டுநீர் கெட்ட ஜலத்தைச் சுத்தி செய்யாது. சேரும் அளவைக் குறைக்குமேயன்றி வேறில்லை.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அடங்கலில் பாசன ஆதாரத்தை எழுதும்போது, கழிவு கலக்கும் ஆதாரமாயின் அதையும் தனியே குறித்து வைத்து, மேலதிகாரிகளுக்குத் தெரிவித்தால் பின்னால் பேருதவியாகும். வேலூர் வட்டாரத்தைப் பற்றிய வழக்கில், தோல் பதனிடும் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. அந்நிலங்களும் ஒரு காலத்தில் பச்சையாகத்தான் இருந்தன. ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். நிலம் கெட்டால் பேரன் காலத்திலும் ஈடு செய்வது அரிது.