தைரியம் இருந்தால் போதுமா?

புதுச்சேரிக்கு வார விடுமுறைக்கு வருகிறவர்களின் கைபேசியில் ஒரு விளம்பரம் தவறாமல் வந்து நிற்கிறது: நீச்சல் தெரிய வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம், தைரியம் இருந்தால் போதும், ஸ்கூபா டைவிங் போகலாம். வருஷக்கணக்காக இதே பல்லவிதான். இதை நம்பி, சனிக்கிழமை இரவு பணம் கட்டி, ஞாயிறு விடிவதற்குள் படகேறிவிடுகிறார்கள். மூன்று வாக்குறுதிகளில் முதல் இரண்டும் அரைகுறை உண்மை. மூன்றாவது ஆபத்து.

நீச்சலை எடுத்துக்கொள்வோம். ஒருநாள் அறிமுக டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லை என்பது விதிப்படி சரி. அது அறிமுகம் மட்டுமே, 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதும் விதிதான்; அதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. அறிமுக டைவுக்கு நீச்சல் கேட்காத அதே பி.ஏ.டி.ஐ., டைவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் அமைப்பு, ‘ஓபன் வாட்டர்’ சான்றிதழுக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தச் சொல்கிறது, 10 நிமிடம் மிதக்கச் சொல்கிறது. காரணமில்லாமலா? படகிலிருந்து குதித்ததும் முகத்தில் அலை அடிக்கும்போதே நீச்சல் தெரியாதவர் பாதி மிரண்டுவிடுகிறார். ஆழமெல்லாம் அதற்கப்புறம்தான்.

இன்ஸ்ட்ரக்டர் பிடித்துக்கொண்டே வருவாராம். வரட்டும். காதுக்குள் அழுத்தம் ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊத வேண்டியது அவரல்ல, டைவ் போகிறவர்.

இங்கேதான் எதிர்த்தரப்பு தனக்குப் பிடித்த வாதத்தை எடுக்கிறது. மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்தார்களே, அவர்கள் எந்தச் சான்றிதழ் வைத்திருந்தார்கள்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் செய்தது வேறு, ஸ்கூபா வேறு. முத்துக் குளிப்பவர் மேலே இழுத்த மூச்சோடு கல்லைப் பிடித்து இறங்குகிறார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நுரையீரலில் இருந்த ஆறு லிட்டர் காற்று மூன்று லிட்டராகச் சுருங்குகிறது. மேலே வரும்போது அதே காற்று பழையபடி ஆறு லிட்டர் ஆகிறது. எவ்வளவு தம் கட்டினாலும் அந்த ஆறைத் தாண்டாது.

ஸ்கூபாவில் அதே பத்து மீட்டரில் சிலிண்டரிலிருந்து ஆறு லிட்டர் உள்ளே போகிறது. அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் அது பன்னிரண்டு லிட்டராக விரியப் பார்க்கும். இடமில்லை. நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்கே போகலாம். இதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. நெஞ்சளவு நீச்சல்குளத்தில், நாலடி ஆழத்திலிருந்து நுரையீரல் நிறைய மூச்சை அடக்கி எழுந்தாலே நேரக்கூடும். தண்ணீருக்குள் தம் கட்ட வேண்டும் என்பது ஊரில் சின்ன வயதிலிருந்து எல்லோருக்கும் பழகிப்போனது. ஸ்கூபாவின் முதல் பாடமோ மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. நமக்குப் பழகியதே எதிரியாக இருக்கும் இடம் இது. முத்துக் குளித்தவர்களும் தைரியத்தை மட்டும் நம்பி இறங்கவில்லை. பெரியவர்களிடம் கற்றார்கள், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றார்.

மாஸ்க்கில் தண்ணீர் ஏறும் அந்தச் சில நொடிகளைப் பாருங்கள். மூக்கு வரை உப்புத் தண்ணீர். வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, காற்று தாராளமாக வருகிறது, எந்த ஆபத்தும் இல்லை. பழகியவர் மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு நீந்திப் போகிறார். பழகாதவர் மூக்கால் இழுக்கிறார், புரையேறுகிறது, ரெகுலேட்டரைத் துப்புகிறார், தம் கட்டி மேலே பாய்கிறார். கரையில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தது அப்போது நினைவுக்கு வராது. குளத்தில் திரும்பத் திரும்பச் செய்து பழகிய கை மட்டுமே அங்கே வேலை செய்யும். தைரியசாலிக்கு இன்னொரு சங்கடம்: காது வலித்தாலும் சைகை காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

சான்றிதழ் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆய்வாளர்கள் 947 டைவிங் மரணங்களை ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். எது தொடக்கம் என்று கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம் சிலிண்டரில் காற்று போதாமல் போனதில் தொடங்கியவை. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மீட்டரைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள். அந்தமானின் தெளிந்த நீரில் எப்போதோ வாங்கிய சான்றிதழ் அட்டை, கலங்கிய நாளின் வங்கக் கடலில் அந்தப் பழக்கத்தைத் தராது.

கடலில் இருந்து ஏறியதோடும் விஷயம் முடிவதில்லை. பலருக்கும் தெரியாதது திரும்பிப் போகும் பாதை. பெங்களூரிலிருந்து வந்தவரை எடுத்துக்கொள்வோம். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டைவ் முடித்தவர் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுமுன் உயரமான இடத்துக்குப் போனால் அது குமிழியாக மாறலாம்; விமானத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை 600 மீட்டருக்கு மேல் ஏறும் சாலைக்கும் பொருந்தும். ஒரு டைவுக்கு 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் போனால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. ஞாயிறு காலை இரண்டு டைவ் முடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகக் காரை எடுப்பவர் இரவுக்குள் ஓசூர் மேட்டில் ஏறிவிடுகிறார். அவர் ஞாயிறு இரவும் புதுச்சேரியிலேயே தங்கித் திங்கள் காலை கிளம்ப வேண்டும். பணம் வாங்கும்போதே அதைச் சொல்ல வேண்டியது டைவ் விற்பவரின் கடமை.