முதலில் அந்தக் கயிற்றைத் தூக்கி எறியுங்கள்!

கூடாரத்தை விட்டுவிட்டு இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கு படுக்கை கட்டித் தூங்கும் பழக்கம் முகாம் போகிறவர்களிடையே, குறிப்பாக அமெரிக்காவில், நன்றாகவே பரவிவிட்டது. கல்லும் வேரும் முதுகில் குத்தாது, தரை ஈரமாக இருந்தாலும் கவலையில்லை, சரிவான இடத்திலும் தூங்கலாம். எல்லாம் சரிதான். ஆனால் விற்பவர்களும் வாங்குபவர்களும் சேர்ந்து ஒரு மடத்தனத்தை வளர்த்து வைத்திருக்கிறார்கள். துணியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பாராசூட் நைலான் என்பார்கள், 200 கிலோ தாங்கும் என்பார்கள், விதவிதமாய் நிறம் காட்டுவார்கள். அந்தத் துணியை மரத்தோடு பிணைக்கிற கயிற்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

மலிவான படுக்கை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் பையின் அடியில் சுருண்டு கிடப்பது என்ன? சுண்டுவிரல் கனம்கூட இல்லாத இரண்டு கயிறும், இரண்டு கொக்கியும். அவ்வளவுதான். விலை கூடிய படுக்கையிலாவது நல்ல பட்டை இருக்குமா என்றால், அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லும் நிறுவனங்கள் பல. பிரேக்கைத் தனியாக விலை போட்டு மோட்டார் சைக்கிள் விற்றால் யாராவது சும்மா இருப்பார்களா? இங்கே மட்டும் அதற்கு 'கூடுதல் உபகரணம்' என்று பெயர்!

இதில் இருக்கும் ஆபத்து பள்ளிக்கூட இயற்பியல்தான். 70 கிலோ எடையுள்ளவர் படுத்தால் இரண்டு பக்கக் கயிறும் ஆளுக்கு 35 கிலோ சுமக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கயிறு நேர் செங்குத்தாகத் தொங்கினால் அது உண்மை. வீட்டில் குழந்தைக்குக் கட்டும் தூளி அப்படித்தான் தொங்குகிறது, அதனால்தான் பழம்புடவையே அதற்குப் போதும். ஆனால் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் கயிறு படுத்தவாக்கில் போகிறது. அது கிடைமட்டத்தோடு 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவிசை. 15 டிகிரி என்றால் 135 கிலோ. 10 டிகிரி என்றால் 200 கிலோவைத் தாண்டும். 'நல்லா விறைப்பாக் கட்டு, அப்பத்தான் தட்டையா இருக்கும்' என்று இழுத்துக் கட்டி 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 400 கிலோ! ஆள் அதே ஆள்தான், எடையும் அதே எடைதான்.

இதுவும் அசையாமல் படுத்திருந்தால் மட்டுமே. தொப்பென்று உட்கார்ந்தால் இன்னும் ஏறும். முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு தன் பலத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை இழக்கக்கூடும். பையில் அச்சடித்த அந்த 200 கிலோ எந்தக் கோணத்துக்கு என்று பெரும்பாலும் எழுதியிருப்பதில்லை. கோணம் சொல்லாத எண்ணுக்கு என்ன மதிப்பு?

விறைப்பாகக் கட்டுவதில் சுகமாவது உண்டா? அதுவும் இல்லை. துணியின் இரு ஓரமும் மேலே ஏறி தோளை நெருக்கும், கொஞ்சம் புரண்டாலே ஆளைக் கவிழ்க்கும். தொய்வாகக் கட்டி, நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு தட்டையாக அமையும். தென் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் தலைமுறை தலைமுறையாக இதில் தூங்குகிறவர்கள் அப்படித்தான் படுக்கிறார்கள்.

'இத்தனை நாளா இந்தக் கயிறுதானே தாங்குது' என்பவர்கள் உண்டு. அவர்களை அது தாங்கலாம், மரம் தாங்குமா? இலையில் தயாராகும் சர்க்கரையைக் கீழே கொண்டுபோகும் திசு, பட்டைக்கு அடியிலேயே மெல்லிய அடுக்காக இருக்கிறது. 100, 200 கிலோ இழுவிசையோடு மெல்லிய கயிறு அழுத்தினால் பட்டையை அறுத்து அந்த அடுக்கை நசுக்கும். மரத்தைச் சுற்றிலும் அது நசுங்கினால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். ஏரிக்கரையில் பார்க்க அழகான இடத்தில் நிற்கும் அதே இரண்டு மரத்தில்தானே வருகிறவர்கள் எல்லாரும் கட்டுகிறார்கள்? அமெரிக்காவில் அகலப் பட்டை இல்லாமல் கட்டக்கூடாது என்று பல பூங்காக்களும், கட்டவே கூடாது என்று சில பூங்காக்களும் விதி போட்டிருப்பது சும்மா இல்லை.

இந்த இழுவிசையை மறந்தால் உயிரே போகும். 2020-ல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு வீட்டில் தொங்கு படுக்கை கட்டியிருந்த செங்கல் தூண் சரிந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. பட்டுப்போன மரமும் அப்படித்தான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கிராம் கிராமாக எடை குறைக்கிற நடைபயணக்காரர்கள். டைனீமா என்ற இழையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள கயிறே சுமார் 700 கிலோ தாங்கும். அருமையான பொருள்தான். அதற்காக அதையே நேராக மரத்தில் சுற்றினால்? கயிறு அறாது, மரம்தான் அறும். வழுக்கும் இழை என்பதால் சாதாரண முடிச்சு அதில் நிற்காது. கயிற்றை அதற்குள்ளேயே நுழைத்துப் பின்ன வேண்டும். சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், ஆகவே நெருப்புப் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

சரி, என்னதான் செய்வது? வேலை ஒன்றும் பெரிதில்லை. கூட வந்த கயிற்றை எறிந்துவிட்டு குறைந்தது 1 அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை இரண்டு வாங்க வேண்டும். மென்மையான பட்டையுள்ள மரம் என்றால் 2 அங்குலம் நல்லது. நைலான் பட்டை வேண்டாம், அது இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். மரத்தில் தலை உயரத்தில் கட்டினவர் நள்ளிரவில் தரையில் கிடப்பார்! நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பக்கிள் இருந்தால் முடிச்சே தேவையில்லை. கொக்கி என்றால் கிலோநியூட்டன் அளவு பொறித்த மலையேற்றக் கொக்கி, சாவிக்கொத்துக் கொக்கி அல்ல. பட்டை வழியாக மழைநீர் படுக்கைக்குள் இறங்காமல் இருக்க, பக்கிளுக்கு முன்னால் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கோணம் பார்க்கத் தெரியவில்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. படுக்கையின் இரு முனைக்கும் நடுவே, அதன் நீளத்தில் 83 சதவீத அளவில் ஒரு கயிறு கட்டிவிட வேண்டும். 3 மீட்டர் படுக்கைக்குச் சுமார் 2.5 மீட்டர். மரங்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் துணியின் தொய்வு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கயிற்றை வீணைத் தந்தி போல முறுக்கேற்றினால் பழைய கதைதான், விரலால் வளைக்கும் அளவுக்குத் தளர்வு வேண்டும். கடைசியாக, உட்காரும் உயரம் நாற்காலி உயரத்துக்கு மேல் போகவே கூடாது.

இதெல்லாம் பைத்தியம் பிடித்த ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று கேலி செய்வது சுலபம். படுக்கையோடு பட்டையையும் சேர்த்தே கொடுக்க முடியும் என்று ஹென்னஸி போன்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கின்றன. மற்றவர்களால் முடியாது என்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, லாபம்தான். 200 கிலோ என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கிறவர்கள், எத்தனை டிகிரியில் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சடிக்கட்டும். அதுவரை, வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தக் கயிற்றைக் குப்பையில் போடுவதுதான்.