கர்ப்பமும் தைராய்டும்: முதல் 12 வாரம் ஏன் முக்கியம்?

திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதி தனியார் மருத்துவமனைகள் பலவற்றில், கர்ப்பம் உறுதியானதும் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்ற பெயரும் இருக்கும். ரிசல்ட்டில் எண் கொஞ்சம் கூடினால் போதும், ‘குழந்தையோட மூளை பாதிக்குமா?’ என்று கூகுளில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பயம் எவ்வளவு நியாயம்? குறைபாடு எவ்வளவு, அது எந்த வாரத்தில் தெரிந்தது என்ற இரண்டையும் வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

தாயின் ஹார்மோன் எதற்கு?

கருவின் தைராய்டு சுரப்பி சுமார் 12-வது வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. போதுமான அளவு சுரக்க 18 முதல் 20 வாரம் ஆகிவிடும். அதுவரை மூளை நரம்பு செல்கள் உருவாகி உரிய இடத்துக்கு நகர, நஞ்சுக்கொடி வழியாக வரும் தாயின் தைராக்ஸினைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பம் தெரிந்த உடனேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு டோஸைக் கூட்ட வேண்டி வரும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று, தைராய்டு குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறாத தாய்மாரின் குழந்தைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தது. அவர்களின் ஐ.க்யூ. மற்ற குழந்தைகளைவிட சராசரியாக 7 புள்ளி குறைவாக இருந்தது.

ஆனால் லேசான குறைபாட்டுக்குச் சிகிச்சை தந்து பார்த்த பெரிய ஆய்வுகளில் கதை வேறு. பிரிட்டன், இத்தாலியில் நடந்து 2012-ல் வெளியான ஆய்விலும், அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஆய்விலும் மாத்திரை சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு ஐ.க்யூ. கூடவில்லை. முதலாவதில் சிகிச்சை தொடங்கியதே சுமார் 13-வது வாரத்தில், இரண்டாவதில் அதற்கும் பிறகு. தாமதம்தான் காரணமா, லேசான குறைபாட்டால் பாதிப்பே இல்லையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. தெளிவான குறைபாட்டுக்குச் சிகிச்சை அவசியம் என்பதில் மட்டும் மாற்றுக் கருத்து இல்லை.

உப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது திருச்சியில், ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் டி.எஸ்.எஸ்.ராஜனின் வீட்டிலிருந்து. அன்றைய பிரச்சினை உப்பு வரி. இன்றைய பிரச்சினை, உப்பில் அயோடின் இருக்கிறதா என்பது.

அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்க 2006 மே முதல் தடை இருக்கிறது. ஆனாலும் 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். உப்பு விளையும் மாநிலம், பட்டியலில் கடைசி வரிசையில் நிற்கிறது.

இங்கே கல் உப்பைக் குறை சொல்லத் தேவையில்லை, அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது. பாக்கெட்டில் அயோடின் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். ‘ஹெல்தி’ என்று இந்துப்புக்கு மாறியவர்களுக்கும் இது பொருந்தும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக உப்பை மாற்றினால் தைராய்டு சரியாகிவிடும் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் குறைபாடு வரும்.

எல்லோருக்கும் டெஸ்ட் உண்டா?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல், ஆபத்து அதிகம் உள்ள கர்ப்பிணிகளுக்கு மட்டுமே தைராய்டு பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. குடும்பத்தில் தைராய்டு பிரச்சினை, முந்தைய கருச்சிதைவு, குழந்தையின்மை, உடல் பருமன் போன்றவை இருந்தால் அந்தப் பட்டியலில் வருவார்கள்.

அது போதாது, எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்று வாதிடும் மருத்துவர்களும் உண்டு. 11 இந்திய நகரங்களில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதக் கர்ப்பிணிகளில் சுமார் 13 சதவீதம் பேருக்குக் குறைபாடு இருந்தது. பெரும்பாலானவை லேசானவை என்பதால், தேவையில்லாமல் மாத்திரையும் பயமும் கூடும் என்பது எதிர்வாதம்.

தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. அந்த முதல் ரத்தப் பரிசோதனையோடு டி.எஸ்.எச்.-சும் எடுத்துவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பியிருக்கும் பெண்ணுக்கும் ரிசல்ட் நேரத்தோடு கிடைக்கும்.

மாத்திரை போட்டதும் காபியா?

காவிரிக்கரை வீடுகளில் காலை டிகாக்‌ஷன் இறங்காமல் நாள் தொடங்காது. ஆனால் மாத்திரை போட்ட கையோடு காபி குடித்தால், உடல் மருந்தை உறிஞ்சுவது குறையும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து காபி என்று வைத்துக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

தாய்க்குத் தைராய்டு சரியாக இருந்தாலும், குழந்தை பிறவியிலேயே தைராய்டு குறைபாட்டோடு பிறக்கலாம். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை பாதிப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும் முன், ‘இந்த டெஸ்ட் எடுத்தாச்சா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.