கம்பி சொல்வதெல்லாம் காற்றல்ல

அறிவியலுக்குக் கருவிகளே கண்கள் என்பர். ஆனால் கண்ணுக்கும் குறைபாடு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கருவி காட்டிய எண்ணை இயற்கையே சொன்ன சொல்லாக ஏற்றுக் கொள்கிறோம். இப்பழக்கம் எத்தகைய குழப்பத்தில் கொண்டு போய் விடும் என்பதற்கு, காற்றின் வேகத்தை அளக்கும் ஒரு மெல்லிய கம்பியே சான்று.

பாய்மம் மெதுவாகச் சென்றால் வரிச்சீர் ஓட்டம். மாறுநிலை வேகத்தைக் கடந்தால் சுழற்சி ஓட்டம். இது நாம் வகுப்பில் படித்ததே. சுழற்சி ஓட்டத்தில் வேகம் கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை ஏறி இறங்கும். அதை அளக்க, டங்ஸ்டன் கம்பி ஒன்றை மின்சாரத்தால் சூடேற்றிக் காற்றில் வைக்கின்றனர். காற்று வீச வீசக் கம்பி குளிரும், மின்தடை மாறும். வீட்ஸ்டன் சமனச் சுற்றில் அதை ஒரு கரமாக இணைத்து, கம்பியின் சூடு மாறாதிருக்க எவ்வளவு மின்னழுத்தம் தேவை என்பதைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகின்றனர். இந்த வெப்ப இழப்புக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை 1914-ல் எல். வி. கிங் வகுத்துத் தந்தார்.

கம்பியின் விட்டம் பெரும்பாலும் 5 மைக்ரோமீட்டர். நம் ஆய்வுக்கூடத் திருகு அளவியின் மீச்சிற்றளவான 0.01 மில்லிமீட்டரில் அது சரிபாதி!

இத்தனை நுண்மையானது பிழை செய்யுமா? செய்யும். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே வேகத்தில் சுமார் 2 சதவீதம் பிழை வரும். தூசி படிந்தால் அளவீடு மாறும். சுவருக்கு மிக அருகே வைத்தால், வெப்பம் சுவருக்கும் போய்விடுவதால் இல்லாத வேகத்தைக் காட்டும். இவற்றையெல்லாம் கவனத்தால் திருத்திக் கொள்ளலாம். திருத்த அரியது கம்பியின் நீளத்தால் வரும் பிழை.

நீண்ட தோணி சிற்றலைகளுக்கு ஆடாது. அதில் அமர்ந்திருப்பவன் கடல் அமைதியாயிருக்கிறது என்றே சொல்வான். கம்பியும் அப்படித்தான். தன் நீளத்தைவிடச் சிறிய சுழல்களை அது சராசரியாக்கி விழுங்கிவிடும். கம்பியைக் குட்டையாக்கலாமே என்றால், வெப்பம் அதைத் தாங்கும் முட்கள் வழியே ஓடிவிடும். நீளம் விட்டத்தைப் போல் 200 மடங்காவது வேண்டும் என்று 1987-ல் லிக்ரானியும் பிராட்ஷாவும் காட்டினர். 5 மைக்ரோமீட்டர் கம்பிக்கு அது 1 மில்லிமீட்டர். இன்னும் மெல்லியதாக்கினாலோ எளிதில் அறுந்துவிடும்!

இதனால் விளைந்தது என்ன? ரெனால்டு எண் உயர உயரச் சுவரருகே ஏற்ற இறக்கத்தின் உச்சம் வளர்கிறதா, மாறாமல் நிற்கிறதா என்பது நெடுநாள் வழக்கு. வேகம் கூடினால் சுழல்கள் சிறுக்கும். அதே கம்பி இன்னும் அதிகமாக விழுங்கும். உண்மையில் வளர்ந்தாலும், வளரவில்லை என்று கம்பி சொல்லக்கூடும். முடிவுகள் முரண்பட்டதில் பெரும்பங்கு கம்பிகளின் நீள வேறுபாட்டால் வந்ததே என்று 2009-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். பின்னர் 60 மைக்ரோமீட்டர் நீளமே உள்ள உணர்கருவியைப் பிரின்ஸ்டனில் உருவாக்கினர். அதைக் கொண்டு குழாயில் அளந்து, உச்சம் வளரவில்லை என்று 2012-ல் அறிவித்தனர். அத்தகைய நுண்கருவிகளே 2018-ல் மெல்போர்னின் தட்டைச் சுவரருகே, வளர்கிறது என்றன. வழக்கு அத்தோடு ஓயவில்லை.

அப்படியானால் கருவியை நம்பலாகாதா என்று சிலர் கேட்பர். நம்பலாம், ஆனால் அதன் குறையையும் அறிந்து நம்ப வேண்டும். கம்பியின் நீளத்தைச் சொல்லாமல் தரப்படும் அளவு அரைகுறை உண்மை என்பது என் துணிபு. நீளத்தைக் குறித்து வைத்தவர்களின் பழைய அளவுகளைப் பின்வந்தோர் திருத்திப் பயன்கொள்ள முடியும். குறிக்காதவர்களின் உழைப்போ வீண்.

மாணவ நண்பர்களே! சுழிப்பிழையைக் குறிக்காமலும், பாடநூல் மதிப்புக்கு ஏற்ப எண்களை வளைத்தும் செய்முறைக் குறிப்பேட்டை நிரப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. மதிப்பெண் கிடைக்கலாம், அறிவியல் கிடைக்காது. பிழை இல்லாத அளவீடு உலகில் இல்லை. பிழையை மறைப்பவன் எண்களைச் சேர்க்கிறான். பிழையை அளந்து எழுதுபவனே அறிவியலை வளர்க்கிறான்.