எந்திரம் இல்லாததால் அல்ல

சூப்பர் கம்ப்யூட்டரையும் குவாண்டம் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் கோடிக்கணக்கான தரவுகளை நொடியில் அலசிவிடலாம் என்றொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அமைச்சர்கள் பேசுகிறார்கள், கம்பெனிக்காரர்கள் பேசுகிறார்கள், கல்லூரி விழா மேடைகளிலும் இதே பேச்சுதான். பாதி உண்மை, பாதி வியாபாரம். எது உண்மை எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்காமல் நம்ம பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு வங்கிக் கவுண்டரில் ரூபாய் எண்ணிக்கொண்டிருப்பவன் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சூப்பர் கம்ப்யூட்டரில் மாயம் ஒன்றுமில்லை. ஜப்பானின் கோபே நகரத்தில் இருக்கும் ஃபுகாக்குவுக்குள் 1,58,976 கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வேலையைத் துண்டு போட்டு எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுத்து, கடைசியில் விடைகளை வாங்கிச் சேர்க்கும். நடவுக்கு ஆள் இறக்குகிற மாதிரிதான். குவாண்டம் கம்ப்யூட்டர் முற்றிலும் வேறு வகை. (‘வேற சாதி’ என்றுதான் முதலில் எழுத வந்தது. மொழிக்குள்ளேயே எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.) அதன் அலகான க்யூபிட் 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்கக்கூடியது. 50 க்யூபிட்டுகளின் நிலையை முழுசாக எழுதி வைக்கச் சுமார் 1,126 லட்சம் கோடி எண்கள் வேண்டும். பலரையும் மயக்குவது இந்தக் கணக்குதான்.

இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஏற்கெனவே நடக்கிறது. ஃபின்லாந்தில் ஹெல்மி என்ற 5 க்யூபிட் எந்திரத்தை லூமி என்ற சூப்பர் கம்ப்யூட்டரோடு 2022இல் இணைத்தார்கள். 2025இல் ஃபுகாக்குவுக்குப் பக்கத்திலேயே ஐபிஎம்மின் 156 க்யூபிட் எந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். சூப்பர் கம்ப்யூட்டர் கணக்கைத் தயார்செய்து, தனக்குச் செரிக்காத ஒரு துண்டை மட்டும் அந்தக் குளிர்ந்த பெட்டிக்குள் அனுப்பும். பெட்டி அதை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி 0, 1 வரிசைகளாகத் துப்பும். அதில் பிழை மலிந்திருக்கும். சூப்பர் கம்ப்யூட்டர் அதைச் சலித்து, திருத்தி, தேவையானால் மறுபடி அனுப்பும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது பொருத்தமான வேலை. அங்கே உள்ளே போகும் தரவு கொஞ்சம். நடுவில் வெடிக்கிற கணக்குதான் பெரிசு.

பெருந்தரவு இதற்கு நேர் எதிர். அங்கே உள்ளே போக வேண்டியதே மலை மாதிரி. கோடிப் பதிவுகளைக் குவாண்டம் நிலையாக மாற்றி ஏற்றவேண்டுமென்றால் ஒவ்வொரு பதிவையும் ஒருதடவையாவது தொட்டாக வேண்டும். தொட்டு முடிப்பதற்குள் சாதாரணக் கம்ப்யூட்டர் தேடியே முடித்திருக்கும். க்ரோவர் 1996இல் கண்ட தேடல் முறை கோடித் தடவை பார்க்க வேண்டியதைச் சில ஆயிரம் தடவையாகக் குறைப்பது உண்மை. ஆனால் ஏற்றும் கூலியை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இறக்குவதும் லேசுப்பட்டதல்ல. உள்ளே எத்தனை லட்சம் கோடி எண்கள் இருந்தாலும், 50 க்யூபிட்டை அளந்தால் ஒரு தடவைக்கு 50 பிட்டுக்கு மேல் கைக்கு வராது. இதை ஹோலெவோ 1973லேயே நிறுவிவிட்டார்.

இன்னொன்று. நீங்கள் எந்தப் படத்தைப் பார்ப்பீர்கள், எந்தப் பொருளை வாங்குவீர்கள் என்று ஊகிக்கும் கணக்கில் குவாண்டம் எந்திரம் மற்றதையெல்லாம் பல மடங்கு மிஞ்சிவிடும் என்று 2016இல் ஒரு முறையைக் காட்டினார்கள். குவாண்டம் பெருந்தரவின் நட்சத்திர உதாரணமாக அது இருந்தது. 2018இல் அமெரிக்காவில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த 18 வயது எவின் டாங், சாதாரணக் கம்ப்யூட்டரே கிட்டத்தட்ட அதே வேகத்தில் அதைச் செய்யும் என்று நிரூபித்துக் காட்டினார். மாணவத் தோழர்கள் கவனிக்கவேண்டியது இதை. பெரிய வாய்களின் கூற்றை மடக்க ஒரு பேனாவும் பிடிவாதமும் போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த நாட்டில் எந்தத் தரவு அலசப்படாமல் கிடக்கிறது? 2011இல் வீடு வீடாகப் போய் சமூக-பொருளாதார-சாதிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். சாதி எண்ணிக்கையை மட்டும் வெளியிடவே இல்லை. 2021இல் உச்சநீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்ன காரணம்: 1931இல் 4,147 சாதிகள்தான் இருந்தன, இப்போதோ 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்துவிட்டன, ஒன்றும் செய்ய முடியாது.

முடியாதா? பார்த்துவிடலாம். 46 லட்சம் பெயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒப்பிட்டால் சுமார் 10.6 லட்சம் கோடி இணைகள். ஓர் இணைக்கு நூறு சின்னக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவிய பரம் பிரவேகாவின் வேகம் 3.3 பெடாஃப்ளாப். அதாவது நொடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்கு. எழுத்து ஒப்பிடுவது வேறு வகைக் கணக்கு, அவ்வளவு வேகம் வராது என்று ஆயிரம் மடங்கு தள்ளுபடி கொடுத்தாலும் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிகிற வேலை. க்யூபிட் எதற்கு?

எந்திரம் எழுத்துப்பிழைகளைச் சேர்த்துக் கொடுக்கும், அவ்வளவுதான். எந்தப் பெயர் எந்தப் பெயரோடு சேரும் என்பதை அதனால் முடிவுசெய்ய முடியாது. தேவேந்திரகுலத்தான், கடையன், காலாடி, குடும்பன், பள்ளன், பண்ணாடி, வாதிரியான் என்று பட்டியலில் இருந்த ஏழு பெயர்கள் 2021இல் ஒரு சட்டத்தின் மூலம் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பெயராயின. அதற்குப் பின்னால் எத்தனை வருசப் போராட்டம் இருந்தது என்று நமக்குத் தெரியும். எந்த அல்காரிதம் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்? பெயர் என்பது அந்த மக்கள் தீர்மானிக்கிற காரியம்.

கணக்கே தேவைப்படாத தரவும் உண்டு. கையால் மலம் அள்ளுவோரில் சாதி விவரம் கிடைத்தது 43,797 பேருக்கு, அதில் பட்டியல் சாதியினர் 42,594 பேர் என்று 2021 டிசம்பரில் மாநிலங்களவையில் அரசே சொன்னது. இதைச் சதவீதமாக்க ஆறாம் வகுப்புப் பிள்ளை போதும். அந்தப் பதிலுக்குப் பிறகு நடந்தது என்ன என்பதைத்தான் எந்தக் கம்ப்யூட்டராலும் கணக்குப் போட முடியவில்லை.

எங்கள் கவுண்டரில் வாரத்துக்கு ஒருதடவையாவது இப்படி ஒரு பேச்சு நடக்கும். “ஸ்கோர் வரலம்மா.” “ஏன் தம்பி வரல?” “இதுக்கு முன்னாடி நீங்க பேங்க்ல கடனே வாங்கலையே, அதான்.” “குடுத்தாத்தானே தம்பி வாங்க முடியும்?” அந்த அம்மாவைப் பற்றிய பதிவே இல்லை. பதிவு இல்லாத இடத்தில் எக்ஸாஃப்ளாப் வேகமும் பூஜ்யத்தைத்தான் பெருக்கிக்கொண்டிருக்கும். நாளைக்கு அந்த ஸ்கோரை ஒரு குவாண்டம் பெட்டி போட்டுக் கொடுத்தால் அந்த அம்மாவின் கேள்விக்கு என்னிடம் இப்போது இருக்கிற அரைகுறைப் பதில்கூட இருக்காது.

இதனால் குவாண்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு எதுக்குடா இதெல்லாம் என்று ஒதுங்குவதைத்தான் அக்ரகாரம் எதிர்பார்க்கிறது. தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கியது 6,003 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் சோப்புக்கு நாம் கட்டிய வரியும் இருக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பாதுகாப்புத் துறை ஆய்வகத்தோடு சேர்ந்து 2024இல் 6 க்யூபிட் எந்திரம் ஒன்றைச் சோதித்து முடித்தது. நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணிக்கு இட ஒதுக்கீடு தரும் 2019ஆம் வருசச் சட்டத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். அந்தச் சட்டம் பொருந்தாத ‘சீர்மிகு’ நிறுவனங்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. டாடா நிறுவனம் இருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. பெங்களூர் ஜவகர்லால் நேரு மையம் இருக்கிறது. க்யூபிட்டில் 0வும் 1ம் கலந்து இருக்கலாமாம்; ஆய்வகத்தில் நாம கலந்துடக் கூடாதாம்.

ஆகவே தோழர்களே, இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. அந்த அட்டவணையை நீக்கச் சொல்லி மாணவர் அமைப்புகள் தெருவுக்கு வரவேண்டும். இன்னொன்றுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவதாக 2025 ஏப்ரல் 30இல் ஒன்றிய அரசு அறிவித்தது. சாதிப் பெயர்களுக்கு என்னென்ன குறியீடு, எந்தப் பெயரை எதோடு சேர்க்கிறார்கள், சேராத பெயர்களை எங்கே போடுகிறார்கள் என்ற பட்டியலை நாம் பார்த்தாக வேண்டும், ஆட்சேபிக்க அவகாசமும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய்தான். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் நம்மிடம் மாவட்டத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். பட்டியல் கைக்கு வந்ததும் அவர்கள் உட்கார்ந்து சரிபார்க்கட்டும்; அதற்கு ஒரு மடிக்கணினி தாங்கும்.